ஒரு மனதில் இருவர்

தோட்டத்தில் புல்லுப் பிடுங்கிவிட்டுத் திரும்பும் நேரம். கிணற்றடியில் கை கால் கழுவிக்கொண்டிருந்த ஒரு சகோதரி, மற்றவர்கள் படலையைத் தாண்டிப் போகும் வரை காத்திருந்து மெல்லக் கேட்கிறாள்.

“அக்கா, நான் ஒண்டு கேட்டா பிழையா நினைக்க மாட்டியளே? அவர் காணாமல் போனதில இருந்து நான் ஒரு நாளும் அவரை மறக்கேல்லை. இப்பவும் படத்துக்கு முன்னால விளக்கு வைக்கிறன். ஆனா பிள்ளையளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏத்திக்கொண்டு போற அந்த ஓட்டோக்காரத் தம்பி வரேக்க மனம் என்னவோ செய்யுது. ரெண்டும் எப்பிடி அக்கா ஒரு மனதில இருக்கும்? நான் கெட்டுப் போனனோ?”

இந்தச் சகோதரிக்குப் பெயர் வேண்டாம். உடுவிலிலும் சுன்னாகத்திலும் கிளிநொச்சியிலும் முள்ளிவாய்க்கால் பக்கத்திலும் இதே கேள்வியை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டிருப்பவர்கள் பலர். 2010ஆம் ஆண்டில் பிரதி அமைச்சர் ஒருவர் வெளியிட்ட கணக்கின்படி வடக்கிலும் கிழக்கிலும் போரால் கணவரை இழந்த பெண்கள் சுமார் 89,000 பேர். இதைவிட, கணவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமலே வாழ்பவர்கள் வேறு. இவர்களுடைய வறுமை பற்றிக் கூட்டங்களில் கதைக்கிறோம். வீட்டுத்திட்டம் பற்றியும் கடன் பற்றியும் கதைக்கிறோம். மனதின் விருப்பம் பற்றி மட்டும் யாரும் கதைப்பதில்லை. அதைப் பற்றி இம்மாதம் கொஞ்சம் கதைப்போம்.

பழைய தமிழில் பெயர் இருந்தது

ஆண் பெண் ஈர்ப்பு என்றால் ஒன்றே ஒன்றுதான், அது கலியாணத்தில் தொடங்கி அங்கேயே முடிய வேண்டும் என்று நாம் பழகிவிட்டோம். நம் முன்னோர் இதை இவ்வளவு எளிதாக எண்ணவில்லை. தொல்காப்பியம் காதலை ஏழு திணையாகப் பிரித்தது. நடுவிலுள்ள ஐந்தும் இருவரும் ஒத்த அன்பு. முதலில் உள்ள கைக்கிளை, ஒருவர் மட்டும் விரும்பும் ஒருதலை விருப்பம். கடைசியில் உள்ள பெருந்திணை, பொருந்தாத விருப்பம். பொருந்தாது என்று சொன்னாலும் அப்படி ஒன்று உலகத்தில் இல்லை என்று மறைக்கவில்லை. அதற்கும் ஒரு பெயர் வைத்து, ஓர் இடம் கொடுத்தார்கள்.

வயலும் வயல் சார்ந்த மருதத் திணையில் இன்னொரு வகை உண்டு. கணவன் பரத்தையிடம் போகிறான், மனைவி ஊடுகிறாள். சங்கப் புலவர்கள் மனைவியின் கோபத்தை மட்டும் பாடவில்லை. அந்தப் பரத்தையும் வாய் திறந்து தன் நியாயத்தைச் சொல்லும் பாட்டுக்கள் இருக்கின்றன. குறுந்தொகையின் 8ஆம் பாட்டு அப்படிப்பட்டது. ஓர் ஆண், இரண்டு பெண்கள் என்ற நிலையில் இரண்டு பெண்களுக்கும் மனம் உண்டு என்பதை அன்றே ஏற்றுக்கொண்டார்கள்.

கண்ணகியை நாம் எல்லோரும் அறிவோம். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகாத குடும்பம் வன்னியில் குறைவு. கண்ணகியை வணங்கும் நாம் மாதவியைத் திட்டித்தான் பழகியிருக்கிறோம். ஆனால் மணிமேகலைக் காப்பியத்தில் மாதவி தன் வயிற்றில் பிறந்த பிள்ளையைக் கண்ணகியின் மகள் என்றே சொல்கிறாள். ஒரே ஆணை விரும்பிய இரண்டு பெண்கள். ஒருத்தி மற்றவள் மேல் வைத்த மரியாதை, பெற்ற பிள்ளையையே அவள் பிள்ளையாக எண்ணும் அளவுக்குப் போனது. இதற்கு என்ன பெயர்? சக்களத்திச் சண்டை என்ற ஒரு சொல்தான் நம்மிடம் இருக்கிறது. அந்தச் சொல்லுக்குள் மாதவி அடங்கமாட்டாள்.

ஈர்ப்பு எத்தனை வகை?

இக்காலத்து ஆய்வாளர்களும் இதைத்தான் வேறு மொழியில் சொல்கிறார்கள். அமெரிக்க மானிடவியலாளர் ஹெலன் பிஷர், மனித விருப்பத்தில் மூன்று தனித்தனி வேர்கள் உண்டு என்று விளக்கினார். ஒன்று உடல் வேட்கை. இரண்டாவது ஒருவரையே நினைத்து உருகும் காதல். மூன்றாவது கூடவே வாழ்ந்து வாழ்ந்து வரும் ஆழ்ந்த பற்று. இந்த மூன்றும் ஒருவர் மேலேயே இருக்கலாம். ஒருவர் மேல் பற்றும், இன்னொருவர் மேல் காதலும், வேறொருவர் மேல் வேட்கையுமாகப் பிரிந்தும் நிற்கலாம் என்பது அவருடைய கருத்து. லிசா டயமண்ட் என்ற உளவியலாளர் 2003இல் எழுதிய கட்டுரையில், காதலும் உடல் விருப்பமும் ஒன்றில்லாமல் மற்றது வரக்கூடியவை என்று எடுத்துக்காட்டினார்.

இவை தவிர, நாம் பெயர் வைக்காத ஈர்ப்புக்கள் இன்னும் உண்டு. அவற்றை நம் வாழ்விலேயே பார்க்கலாம்.

*தொடுகை விருப்பம்:* தலையைத் தடவி விட ஒருவர், காய்ச்சல் நேரத்தில் நெற்றியில் கை வைக்க ஒருவர் வேண்டும் என்ற ஏக்கம் இது. இதில் உடல் உண்டு, ஆனால் கட்டில் இல்லை. பல வருடம் யாரும் தொடாமல் வாழும் பெண்ணுக்கு இந்த ஏக்கம் வருவது பசி வருவது போன்றது. இதைக் காம இச்சை என்று தப்பாக எண்ணி வெட்கப்படுபவர்கள் அதிகம்.

*கதைப்பதில் வரும் விருப்பம்:* ஒருவரோடு கதைத்தால் நேரம் போவது தெரியாது. அவர் வடிவில்லை, வயதும் கூட. ஆனாலும் அன்றைய நாளில் நடந்ததை அவருக்குச் சொன்னால்தான் நாள் முடிந்தது போல இருக்கும். இது அறிவும் அறிவும் ஒட்டும் ஒட்டு.

*வடிவை இரசிக்கும் விருப்பம்:* திருவிழாவில் தவில் வாசிப்பவரின் கையைப் பார்த்துக்கொண்டே நிற்கிறோம். ஒருவரின் குரலை வானொலியில் கேட்கக் காத்திருக்கிறோம். அவரை அடைய வேண்டும் என்ற எண்ணம் துளியும் இல்லை. பார்ப்பதும் கேட்பதுமே போதும்.

*பாதுகாப்பில் வரும் விருப்பம்:* இரவில் நாய் குரைத்தால், வேலிக்கு அப்பால் ஓர் ஆண் குரல் கேட்டால் வரும் நிம்மதி. இடப்பெயர்வுகளைக் கண்ட பெண்களுக்கு இது மிக வலுவானது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே வெறிச்சோடியபோது, ஒரு மூட்டையைத் தூக்கித் தந்தவரை, பிள்ளையைத் தோளில் சுமந்தவரை இன்றும் மனதில் வைத்திருப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த நன்றியும் ஒரு விதமான ஈர்ப்புத்தான்.

*நினைவில் வரும் விருப்பம்:* ஒருவர் நடக்கும் நடை, சிரிக்கும் சிரிப்பு, சறத்தை மடித்துக் கட்டும் விதம் காணாமற்போனவரை நினைவூட்டும். மனம் இழுபடுவது இவரிடம் போலத் தெரியும். உண்மையில் அது அவரைத் தேடிக்கொண்டிருக்கும்.

*பித்து:* டொரதி டென்னோவ் என்ற பெண் ஆய்வாளர் 1979இல் ஒரு நூல் எழுதி இந்நிலைக்குத் தனிப்பெயர் வைத்தார். ஒருவரை நினைத்து நினைத்தே நாள் கழிவது, அவர் ஒரு வார்த்தை சொன்னால் வானத்தில் பறப்பது, சொல்லாவிட்டால் சோறு இறங்காமல் கிடப்பது. இது பெரும்பாலும் ஒரு காலம் வந்து பிறகு தணிந்து போகும். பித்து இருக்கும் நேரத்தில் வாழ்க்கை முழுவதற்குமான முடிவை எடுக்கக் கூடாது.

உடல் உறவில் விருப்பமே இல்லாமல், அன்பு மட்டும் வேண்டும் என்று இருப்பவர்களும் உண்டு. சிலர் பிறவியிலேயே அப்படி. அவர்களிடம் குறை எதுவும் இல்லை. வேறு சிலருக்குப் போரில் பட்ட துன்பத்தின் பின் உடல் மூடிக்கொண்டிருக்கும். அப்படியானவர்களுக்கு வைத்தியரும் உளவளத்துணையாளரும் உதவலாம்.

இல்லாதவரும் இருப்பவரும்

கிணற்றடிச் சகோதரியின் கேள்விக்கு வருவோம். இரண்டும் எப்படி ஒரு மனதில் இருக்கும்?

போலின் பொஸ் என்ற அமெரிக்கக் குடும்ப உளவியலாளர் 1970களில் வியட்நாம் போரில் காணாமற்போன படையினரின் மனைவியரோடு பழகி ஆராய்ந்தார். சாவு வீடு நடக்கவில்லை, உடல் இல்லை, எட்டுச் செலவு இல்லை. ஆள் வீட்டில் இல்லை, ஆனால் மனதில் முழுமையாக இருக்கிறார். இதைத் தெளிவில்லாத இழப்பு என்று பொருள்படும் பெயரால் அவர் அழைத்தார். இப்படிப்பட்ட இழப்பில் துக்கம் உறைந்து நின்றுவிடும், அது பெண்ணின் பலவீனமோ நோயோ அன்று, நிலைமையே அப்படிப்பட்டது என்பது அவருடைய முக்கியமான கருத்து. “அவர் வரக்கூடும், வராமலும் போகக்கூடும்” என்ற இரண்டையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டே வாழ்க்கையில் அடுத்த அடியை வைக்கலாம் என்றும் அவர் காட்டினார்.

நம் பெண்களுக்கு இதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டப் பந்தலில் படத்தோடு உட்கார்ந்த தாய்மாரும் மனைவியரும் வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டினார்கள், பிள்ளைக்குக் கலியாணம் பேசினார்கள். தேடலும் வாழ்தலும் ஒன்றாகவே நடந்தன. அதுபோல, இல்லாதவர் மேல் பற்று இருக்க, இருப்பவர் மேல் ஒரு விருப்பம் வருவதும் நடக்கும். அந்தச் சகோதரி கெட்டுப் போகவில்லை. அவளுடைய மனம் உயிரோடு இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் விருப்பம் வந்தது என்பது ஒன்று, அதைக்கொண்டு என்ன செய்வது என்பது வேறு. அந்தத் தம்பி மேல் வந்தது பாதுகாப்பின் விருப்பமா, நினைவின் விருப்பமா, உண்மையான காதலா என்று அவள் தன்னையே கேட்க வேண்டும். பாதுகாப்புத்தான் தேவை என்றால் அயலில் உள்ள நான்கு பெண்கள் சேர்ந்தும் அதைக் கொடுக்கலாம். கதைக்க ஆள் வேண்டும் என்றால் ஒரு நல்ல சிநேகிதி போதும். காதல்தான் என்றால் அதற்கும் நேரான வழி தேடலாம். பெயர் தெரியாத ஏக்கத்துக்கு எல்லாம் ஓர் ஆண்தான் மருந்து என்று எண்ணும்போதே பலர் இடறி விழுகிறார்கள்.

மூன்று பேர் இருக்கும் உறவு

போருக்குப் பின் நம் ஊர்களில் அதிகம் கேட்கும் கதை இன்னொன்று. ஏற்கெனவே மனைவி உள்ள ஒருவர், தனித்திருக்கும் பெண்ணுக்குத் துணையாக வருகிறார். “அவளோட எனக்குச் சரிவராது, பேப்பரிலதான் மனிசி” என்கிறார். சின்னவீடு என்று ஊர் சொல்கிறது. பழி பெண்ணுக்கு வருகிறது.

ஒருவருக்கு மேற்பட்ட துணை என்பது உலகத்துக்குப் புதிதன்று. நம் நாட்டிலேயே கண்டிப் பகுதியில் அண்ணன் தம்பிமார் ஒரு பெண்ணை மணந்து ஒரே வீட்டில் வாழும் வழக்கம் இருந்தது. ஒரே வீட்டில் உண்பது என்ற பொருளில் சிங்களத்தில் அதற்குப் பெயர். நிலம் துண்டுபடாமல் காப்பது அதன் முக்கிய காரணங்களில் ஒன்று. ஆங்கிலேயர் 1859இல் கொண்டுவந்த சட்டத்தால் அது தடைசெய்யப்பட்டது. மேலைநாடுகளில் இன்று சிலர், எல்லோருக்கும் தெரிந்தே, எல்லோருடைய சம்மதத்தோடும் இரண்டு மூன்று பேரை விரும்பி வாழ்கிறார்கள். தன் துணைவர் இன்னொருவரால் மகிழ்வதைப் பார்த்துத் தானும் மகிழும் உணர்வுக்கு அவர்கள் ஒரு சொல்லே உண்டாக்கினார்கள். பொறாமைக்கு எதிர்ச்சொல் என்று அதைச் சொல்லலாம். சன் பிரான்சிஸ்கோவில் இருந்த கெரிஸ்டா என்ற கூட்டுவாழ்வுக் குழுவினர் உருவாக்கிய சொல் அது.

அதை நாம் பின்பற்ற வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அங்கே உள்ள ஒரு விதியை மட்டும் கவனியுங்கள். சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் தெரிய வேண்டும், எல்லோரும் விரும்பிச் சம்மதிக்க வேண்டும், யாரும் எப்போதும் வேண்டாம் என்று சொல்லலாம். நம் ஊர்ச் சின்னவீட்டில் இந்த மூன்றும் இருக்கின்றனவா? மனைவிக்குத் தெரியாது. வந்தவளுக்கும் பாதி உண்மைதான் தெரியும். வேண்டாம் என்று சொன்னால் அரிசிக்கும் பிள்ளையின் கொப்பிக்கும் வழியில்லை. ஒளிவில் நடப்பதற்கும் சம்மதத்தில் நடப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

அதேவேளை, இந்த உறவுகளுக்குள் யாரும் எதிர்பாராத அன்பும் பிறப்பதுண்டு. ஒரே ஆணின் இரண்டு பெண்கள், அவர் காணாமற்போன பின் ஒருவரை ஒருவர் தேடி வருவதுண்டு. ஒருத்தியின் பிள்ளைக்கு மற்றவள் சோறு ஊட்டுவாள். அவரைப் பற்றிக் கதைக்க உலகத்தில் அவர்களுக்கு வேறு ஆளில்லை. மாதவிக்கும் கண்ணகிக்கும் இடையில் நாம் கண்ட அந்தப் பெயரில்லாத பற்று இதுதான். அப்படி இரண்டு பெண்கள் சேர்ந்தால் ஊர் சிரிக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு அது நன்மை.

சட்டம் என்ன சொல்கிறது?

மனம் பல பக்கம் போகலாம், சட்டம் அப்படியில்லை. தெரிந்துகொள்ளுங்கள்.

1. முதல் திருமணம் சட்டப்படி முடியாமல் இருக்க, பொதுத் திருமணச் சட்டத்தின் கீழ் செய்யும் இரண்டாம் திருமணம் செல்லாது. தண்டனைச் சட்டக் கோவையின்படி அது 7 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமும் ஆகும். முஸ்லிம் சகோதரிகளுக்கு 1951ஆம் ஆண்டின் தனிச்சட்டம் உண்டு. ஆனால் முதல் மனைவி இருக்க, மதம் மாறிவந்து மணப்பதால் அத்திருமணம் செல்லுபடியாகாது என்று உச்ச நீதிமன்றம் 1990களின் இறுதியில் தீர்ப்பளித்தது. “மதம் மாறிக் கட்டுறன்” என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

2. திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்வது குற்றமன்று. ஆனால் அவருக்கு மனைவி இருந்தால், உங்களுக்கு மனைவி என்ற உரிமை கிடையாது. காணியும் ஓய்வூதியமும் கேட்க முடியாது.

3. பிள்ளைக்கு உரிமை உண்டு. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின்படி, திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் தகப்பன் பராமரிப்புக் கொடுக்க வேண்டும். நீதவான் நீதிமன்றத்தில் கேட்கலாம்.

4. கணவர் காணாமற்போயிருந்தால், 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இறப்புச் சான்றிதழ் பெற ஒரு வழி உண்டு. இறந்தார் என்று எழுத மனம் ஒப்பாதவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் காணப்படாமைச் சான்றிதழைக் கொண்டுவந்தது. இச்சான்றிதழ் அவர் இறந்துவிட்டார் என்று சொல்வதில்லை. ஆகவே இதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மறுமணத்துக்குப் போகாதீர்கள். முதலில் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் கேளுங்கள். வசதியில்லாதவர்களுக்கு உதவவே அது இருக்கிறது.

5. கையெழுத்துக்கும் கொடுப்பனவுக்கும் கடன் தவணைக்கும் பதிலாக உங்கள் உடலைக் கேட்பவர் காட்டுவது அன்பு ஆகாது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் தடுப்புச் சட்டம், அரச உத்தியோகத்தர் பாலியல் இலஞ்சம் கேட்பதைக் குற்றம் ஆக்கியிருக்கிறது. 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.

உங்களை நீங்களே கேளுங்கள்

ஒருவர் மேல் மனம் போகிறது என்று தெரிந்தால், ஓர் இரவு அமைதியாக இருந்து இவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

எனக்கு இவரிடம் வேண்டியது என்ன: தொடுகையா, பேச்சா, காவலா, காசா, காதலா? இவர் இல்லாவிட்டாலும் அது வேறு வழியில் கிடைக்குமா? இவர் என்னைச் சந்திப்பதைப் பகலில், நான்கு பேர் பார்க்கச் செய்வாரா? இவருக்கு மனைவி இருந்தால் அவளுக்கு இது தெரியுமா? நான் வேண்டாம் என்று சொன்னால் நாளைக்கு எனக்கு என்ன நடக்கும்? என் பிள்ளைகள் இவருக்குப் பக்கத்தில் பயமில்லாமல் இருக்கிறார்களா?

கடைசி இரண்டு கேள்விகளுக்கும் விடை சரியில்லை என்றால், மற்றவை எல்லாம் சரியாக இருந்தாலும் நில்லுங்கள்.

உடுவிலில் 1824ஆம் ஆண்டிலேயே பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கியது. எழுதவும் வாசிக்கவும் கணக்குப் பார்க்கவும் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்த ஊர் இது. தன் மனதை வாசிக்கவும் அவள் படிக்க வேண்டும். அதைச் சொல்லிக் கொடுக்கத் தாய்க்கும் வெட்கம், பாடசாலைக்கும் வெட்கம். ஆகவே நாம்தான் ஒருவருக்கு ஒருவர் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கிணற்றடியில் கேட்ட சகோதரிக்கு அந்த அக்கா சொன்ன மறுமொழி இது: “நீ ஒண்டும் கெடேல்லை. விளக்கும் வை. அந்தத் தம்பியைப் பற்றியும் யோசி. அவசரப்படாதை. யோசிக்கிறதை என்னட்ட வந்து கதை, தனிய வைச்சிருக்காதை.”

அன்றிரவும் அவள் படத்துக்கு முன்னால் விளக்கு வைத்தாள். அடுத்த நாள் காலையில் ஓட்டோ வந்தபோது, முதல் தடவையாகத் தலை குனியாமல் படலையைத் திறந்துவிட்டாள். என்ன முடிவு எடுப்பாள் என்பது அவளுடைய விருப்பம். உங்கள் அயலிலும் இப்படி ஒருத்தி இருப்பாள். அவள் வாய் திறக்கும்போது நீங்கள் அந்த அக்காவாக இருங்கள்.